நம்ம புதுக்காடு

அண்ணன் இறந்து மூன்று மாதம் ஆகிறது. எட்டுச் சடங்கு முடிந்த மறுநாள் அவருடைய மகள் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பிள்ளை. "சித்தப்பா, நீங்க வாயத் தெறக்க மாட்டீங்க. அப்பாவப் பத்தித் தெரிஞ்சத எழுதியாவது குடுங்க" என்றாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பத்திரிகை வாசிப்பேன், கடிதம் எழுதுவேன். இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை.

அண்ணன் பதினான்கு வருடம் இலங்கை ஆமியில் இருந்தார். அதற்குப் பிறகு டவுன் தீயணைப்பு நிலையத்தில் இருபத்திரண்டு வருடம். இரண்டு இடத்திலும் தண்ணீர் வண்டிதான் ஓட்டினார். ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவருக்குக் கடைசிவரை 'ஆமிக்காரன்' என்றுதான் பெயர்.

பதினொரு வருடத்துக்கு முன் நான் இருக்கும் தோட்டத்தில் ஒரு லயம், தொழிலாளர் குடியிருக்கும் வீட்டு வரிசை, எரிந்தது. அண்ணன் ஓட்டிவந்த பயர் வண்டி வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. ஒரு பெண் செத்துப்போனார். பிழையான பாதையில் வண்டியைத் திருப்பியவர் அண்ணன் என்பது எல்லாருக்கும் தெரியும். அவரைத் திருப்ப வைத்தது நான் போனில் சொன்ன ஒரு சொல். அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். அவர் கண்ணை மூடிய அன்று அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாகிவிட்டது. அண்ணனைப் பற்றி எழுதுவதென்றால் அதை விட்டுவிட்டு எழுத முடியாது.

அண்ணன் எனக்கு எட்டு வயது மூத்தவர். அந்தக் காலத்தில் தோட்டத்துப் பையன்கள் ஆமிக்குப் போவதில்லை. போக நினைத்தாலும் பிரஜா உரிமை இருக்க வேண்டுமே. எங்கள் அப்பாவுக்கு எப்படியோ அந்தப் பத்திரம் கிடைத்திருந்தது. அண்ணன் பசாரில் ஒரு சிங்கள முதலாளியின் லொறியில் கிளீனராக நின்று ஓட்டமும் பழகினார், சிங்களமும் பழகினார். பிறகு ஒருநாள் டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனவர் திரும்பி வரவில்லை. அம்மா எல்லாரிடமும் "கொழும்புல லொறி ஓட்டுறான்" என்றே சொல்லிவந்தார். முதல் லீவுக்கு அவர் சீருடையோடு பஸ்ஸில் இறங்கினார். அம்மாவின் பொய் அன்றோடு முடிந்தது.

"ஆமிக்காரன் வீட்டுச் சேவல் இன்னிக்குச் சிங்களத்துல கூவுச்சாமே" என்று பெரட்டுக் களத்தில் சொல்லிச் சிரித்தார்கள். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடம் அது. அப்பா அங்கே தலையைக் குனிந்துகொண்டே நிற்பார். நானும் அப்பாவைப் போலத்தான். அண்ணன் மட்டும் வேறு. யாராவது கேலி செய்தால் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, "அது சேவல் இல்லீங்க, கோப்ரல்" என்பார்.

ஆமியில் நடந்ததை அவர் பேசமாட்டார். ஒரே ஒரு தடவை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். வடக்கில் ஒரு முகாமுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வழியில் ஒரு அம்மா குடத்தைத் தூக்கிக் காட்டினாராம். அண்ணன் தண்ணீர் பவுசரை நிறுத்திக் குழாயைத் திறந்து, "குடத்தப் புடிங்கம்மா" என்றாராம்.

"நீர் தமிழோ?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆமாங்க."

அந்த அம்மா குடத்தைத் திருப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

"சிங்களப் பொடியன் குடுத்திருந்தா வாங்கியிருக்கும்" என்றார் அண்ணன். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

தீயணைப்பு நிலையத்தில் அவர் ஒருவர்தான் தமிழ் ஆள். மற்றவர்கள் அவரைவிட இளையவர்கள், சிங்களவர்கள். அவர்கள் அவரை 'அய்யா' என்று கூப்பிடுவார்கள். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். இது எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. ஒருமுறை தேர்த் திருவிழாவுக்குக் காவலாக வண்டி வந்தபோது, சீருடைக்காரர்கள் எல்லாரும் அவரை அய்யா, அய்யா என்பதைக் கேட்டுவிட்டு ஒரு கங்காணி என்னிடம் வந்து, "உங்க அண்ணன் அங்க பெரிய தொரையாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் ஆமாம் இல்லை என்று ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் மனைவியின் தோட்டத்துக்குப் போய்விட்டேன். வேலை அங்கேதான் கிடைத்தது. கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றுகிற வேலை. அங்கே வந்த மருமகன் என்பதால் லயத்தில் வயதானவர்கள் எல்லாரும் என்னை 'மாப்ள' என்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டங்களுக்கு இரண்டு பெயர். காகிதத்தில் இருப்பது வெள்ளைக்காரன் வைத்த பெயர். அது எங்கள் வாயில் நுழையாது. நாங்கள் வைத்த பெயர் வேறு. எந்தக் காலத்திலோ காட்டை வெட்டிப் புதிதாகத் தேயிலை நட்ட இடத்தை 'புதுக்காடு' என்பார்கள். நட்டு நூறு வருடம் ஆனாலும் அது புதுக்காடுதான். நானும் அண்ணனும் பிறந்த இடம் புதுக்காடு. நான் பெண் எடுத்த இடமும் புதுக்காடு. பசாருக்கு மேலே முச்சந்தியில் இடது பக்கம் போனால் ஒன்று, வலது பக்கம் போனால் மற்றது. நடுவில் ஒரு பெரிய மலை.

அன்று காலை பத்தரை மணி இருக்கும். மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேல். கொழுந்து நிறுக்கும் கொட்டிலுக்குப் பக்கத்தில் லொறி நின்றது. மேல் லயத்திலிருந்து புகை வந்தது. யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்தோம். தகரம் வெடிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் ஓடினோம்.

எங்கள் லயங்களில் இருபது வீட்டுக்கும் ஒரே நீளக் கூரை. ஒரு முனையில் பிடித்தால் மறு முனைவரைக்கும் போகும். பெண்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளை தன் போனை என்னிடம் நீட்டி, "உங்க அண்ணன் பயர்லதான இருக்காரு? அடி, சீக்கிரம் அடி" என்றார். ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு நான்கு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"அண்ணே, லயம் எரியுது."

"எங்கடா?"

"புதுக்காட்டுல."

"நம்ம புதுக்காடா?"

"ஆமா."

"யாரையும் உள்ள போக விடாத. நெருப்பு தகரத்துக்குக் கீழயே ஓடும், கண்ணுக்குத் தெரியாது. வர்றோம்."

அவ்வளவுதான் பேசினோம். நான் அங்கே குடிவந்து அப்போதே பதினைந்து வருடம். என் மனைவி, பிள்ளைகள், வேலை எல்லாம் அங்கேதான். அதனால் 'நம்ம' என்றால் எனக்கு அந்த இடம். அண்ணனுக்கு 'நம்ம' என்றால் நாங்கள் பிறந்த இடம்.

அண்ணன் சொன்னதைக் கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன். அவர், "உள்ள போகாதீங்க" என்று கத்திக்கொண்டே ஓடினார். யாரும் கேட்கவில்லை. நெருப்பு கீழ் முனையில் இருந்தது. மேல் முனையில் இருந்தவர்கள் நேரம் இருக்கிறது என்று அலமாரி, தையல் மெஷின், டிவி எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டார்கள். நானும் இழுத்தேன்.

டவுனிலிருந்து வண்டி வர நாற்பது நிமிடம் போதும். நாற்பது நிமிடம் தாண்டியது. அதற்குப் பிறகு கணக்கப்பிள்ளையின் போன் அடித்தது. அண்ணன்.

"என்னடா இங்க ஒண்ணுமே எரியல? பொம்பளைங்க எல்லாம் என்னப் பாத்து, தேயிலைக்குத் தண்ணி ஊத்த வந்தீங்களான்னு கேக்குறாங்க."

"எங்கண்ணே நிக்கிறீங்க?"

"பிள்ளையார் கோயில் முன்னாடி."

நான் இருந்த தோட்டத்தில் பிள்ளையார் கோயில் கிடையாது. மாரியம்மன் கோயில்தான். நான் பேசாமல் நின்றேன். பிறகு அண்ணன் எல்லாரையும் வண்டியில் ஏறச் சொல்லிச் சிங்களத்தில் கத்துவது கேட்டது.

அந்த நேரத்தில்தான், செத்துப்போனார் என்று சொன்னேனே, அந்த அக்கா மூன்றாவது தடவையாக உள்ளே போனார். மேல் முனைக்கு இரண்டாவது வீடு அவருடையது. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை எல்லாம் போட்டு வைத்திருந்த பிஸ்கட் தகரத்தை எடுக்கப் போனார் என்று பிறகு சொன்னார்கள். வெளியிலிருந்து பார்க்க அந்த வீட்டில் நெருப்பே இல்லை. அண்ணன் சொன்ன மாதிரி அது மேலே தகரத்துக்குக் கீழே ஓடி வந்திருந்தது. கூரை மொத்தமாக உள்ளே இறங்கியது.

வண்டி வந்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆட்கள் கல்லை எடுத்துவிட்டார்கள். அண்ணன் இறங்கி, கல் வந்த பக்கம் பார்க்காமல் ஹோஸை இழுத்துக்கொண்டு போனார். அக்காவை வெளியே தூக்கி வந்ததும் அவர்தான். அந்த அக்காவின் புருஷன் ஃபாக்டரியிலிருந்து ஓடி வந்து நின்றுகொண்டிருந்தார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அண்ணன் அவர் முன்னால் அக்காவை இறக்கி வைத்தார். என்னைக் கடந்துதான் திரும்பிப் போனார். அவர் கையுறையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எனக்கு அன்று அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

மூன்று வாரம் கழித்து விசாரணை வைத்தார்கள். அதற்கு முதல் நாள் அண்ணன் என்னை டவுன் பஸ் நிலையத்துக்கு வரச் சொன்னார். ஒரு கடையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பிளேன்டீ குடித்தோம்.

"ஒன் பேரு வராது" என்றார். "எடத்தோட பேரு என் காதுல சரியா விழலன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"நான் வந்து சொல்றேண்ணே."

"என்னத்தச் சொல்லுவ? மூணு பேரு மேசைக்கு அந்தப் பக்கம் ஒக்காந்திருப்பானுங்க. சிங்களத்துல கேப்பானுங்க. நீ என்ன சொல்லுவ?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"பாத்தியா? ஏங்கிட்டயே பேச வரல. அங்க போயி கால்சட்டைய நனைச்சிட்டு வந்தா யாரு தொவைக்கிறது?" என்று சிரித்தார். பிறகு, "கேட்டது நான்தான்டா. எந்தப் புதுக்காடுன்னு கேட்டிருக்கணும். நம்ம புதுக்காடான்னு கேட்டுட்டேன்" என்றார்.

எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க முடியாது. பஸ்ஸில் வரும்போது தூங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவரை வண்டியில் அனுப்பவில்லை. நிலையத்திலேயே வைத்துக்கொண்டார்கள். ஹோஸ் கழுவுவது, காய வைப்பது, போன் எடுப்பது. லீவு நாட்களில் அவர் பஸ் ஏறி ஒவ்வொரு தோட்டமாகப் போய்வந்தார். பொகவந்தலாவை பக்கம், நானுஓயா பக்கம், பட்டிப்பொல வரைக்கும். காகிதப் பெயர் ஒரு பக்கம், ஆட்கள் சொல்லும் பெயர் மறு பக்கம், என்ன கோயில் இருக்கிறது, பாதை எந்தப் பாலத்தில் பிரிகிறது என்று எழுதினார். சிங்களத்தில்தான் எழுதினார், மற்றவர்கள் வாசிக்க வேண்டும் அல்லவா. புதுக்காடு மட்டும் ஏழு இருந்ததாம். அதை என்னிடம் சொன்னார். நான் ம் என்றேன். நிலையத்தில் அந்தப் பட்டியல் இப்போதும் போனுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அவருடைய மகள் சொல்கிறாள்.

எரிந்த லயத்து ஆட்களுக்கு இரண்டு வருடம் கழித்துப் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். எனக்கும் அங்கே ஒரு வீடு வந்தது. மாமாவின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டே வீடு. தண்ணீர் பிடிக்கிற பீலியில் தினமும் சந்திப்போம். யாராவது நெருப்பு என்று பேச்செடுத்தால் போதும்.

"எரியுற வீட்ட விட்டுட்டு ஆத்தா வீட்டுக்கு வண்டிய விட்டான் ஆமிக்காரன். ஊர்ப் பாசம்" என்பார். பிறகு என்னைப் பார்த்து, "ஒன்னச் சொல்லல மாப்ள. நீ போன் பண்ணிட்ட. நீ என்ன செய்வ" என்பார். நல்லது கெட்டதற்கு முதலில் வந்து நிற்பவர் அவர்தான். என் மகளின் கல்யாணத்துக்கு வாழைமரம் வெட்டிக் கட்டியவரும் அவர்தான். நான் வாளி நிறைகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்படிப் பதினொரு வருடம்.

அந்த வருடங்களில் அண்ணன் ஒருமுறைகூட என் வீட்டுக்கு வரவில்லை. நானும் வாங்க என்று கூப்பிடவில்லை. மாதம் ஒரு தடவை நான்தான் டவுனுக்குப் போய்ப் பார்த்து வருவேன். பென்ஷன் எடுத்து ஐந்தாவது வருடம் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். பதினாறு நாள். கடைசி நாள் காலையில், "பஸ் லேட்டாடா?" என்று கேட்டார். "ஆமாண்ணே" என்றேன். பதினொரு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் கேதம் சொல்வது என்று ஒரு முறை இருக்கிறது. சாவுச் செய்தியைப் போனில் சொன்னால் சொன்னதாகக் கணக்கில்லை. இறந்தவரின் பங்காளி ஒருவர் வீடு வீடாகப் போய் வாசலில் நின்று சொல்ல வேண்டும். ஒரு வீட்டை விட்டால் அவர்களோடு உறவை வெட்டிவிட்டோம் என்று அர்த்தம். நாங்கள் பிறந்த தோட்டத்தில் சித்தப்பா மகன் சொல்லிவிட்டான். நான் இருக்கும் தோட்டத்தில் நான்தான் சொல்ல வேண்டும். பின்னேரம் மூன்று மணிக்கு ஆரம்பித்தேன். நான்காவது வீடு மாமாவுடையது.

அவர் வாசலில் உட்கார்ந்து லீக்ஸின் வேரை நறுக்கிக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, அண்ணன் தவறிட்டாரு."

"கேள்விப்பட்டேன்." கத்தி நிற்கவில்லை. "எப்ப எடுக்குறீங்க?"

"நாளைக்கு ரெண்டு மணிக்கு."

"எங்க?"

"நம்ம புதுக்காட்டுல" என்று சொல்லிவிட்டேன்.

அவர் நிமிர்ந்தார். "இங்கயா? அந்த ஆளக் கொண்டாந்து இங்கயா பொதைக்கப் போறீங்க?"

"இல்ல மாமா. அங்க. நாங்க பொறந்த புதுக்காட்டுல."

அவர் மறுபடி லீக்ஸை எடுத்தார். நான் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் வாசலில் ஏறிய கால் இறங்கவில்லை.

"அன்னிக்கும் இப்படித்தான் சொன்னேன் மாமா" என்றேன்.

"என்னிக்கு?"

"லயம் எரிஞ்ச அன்னிக்கு. போன்ல. அண்ணன் நம்ம புதுக்காடான்னு கேட்டாரு. நான் ஆமான்னேன்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "கேட்டானா?"

"கேட்டாரு."

"நீ ஆமான்ன."

"ஆமா மாமா."

"காதுல விழலன்னு எழுதிக் குடுத்தானே."

"விழுந்துச்சு. எனக்காக அப்படி எழுதுனாரு."

அவர் நிமிரவில்லை. என் காலைத்தான் பார்த்தார். "பதினோரு வருசம். பீலியில நான் அந்த மனுசன எப்படியெல்லாம் ஏசுனேன். நீ பக்கத்துல நின்னு தண்ணி புடிச்ச."

"ஆமா மாமா."

"ஆமா, ஆமா. ஒனக்கு அது ஒண்ணுதான்டா தெரியும்."

வீட்டுக்குள்ளே போய்விட்டார் என்று நினைத்தேன். கதவு வரை போனவர் நின்றார்.

"இன்னும் எத்தன வீடு கெடக்கு?"

"பதினாறு."

"கேதத்தோட இதையும் சேத்துச் சொல்லு. எல்லா வீட்டுலயும் சொல்லு. மொதல்ல போன மூணு வீட்டுக்கும் திரும்பிப் போ. ஒரு வீட்ட விட்ட, நானே வந்து கேப்பேன்."

போனேன். அண்ணன் தவறிட்டாரு என்று சொல்வேன். ஐயோ என்பார்கள். பிறகு மற்றதைச் சொல்வேன். ஒரு பெண், "டீ குடிக்கிறீங்களாண்ணே?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒருவர், "இத அவரு உசுரோட இருக்கப்பச் சொல்லியிருக்கலாமே" என்றார். ஆமா என்று வாய்வரை வந்ததை நிறுத்திக்கொண்டேன். ஏழெட்டு வீடு போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. "தெரியும், தெரியும், அடுத்த வீட்டப் பாருங்க" என்றார்கள். தெரிந்தாலும் பரவாயில்லை என்று நின்று முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன். கடைசி வீட்டுக் கிழவருக்குக் காது கேட்காது. "சத்தமாச் சொல்லுப்பா" என்றார். சத்தமாகச் சொன்னேன். "இன்னும் சத்தமா" என்றார்.

மறுநாள் பழைய ஆமி ஆட்கள் கொடி கொண்டுவந்தார்கள். நிலையத்து ஆட்கள் சீருடையில் வந்து பெட்டியைத் தார் ரோடு முடியும்வரை தூக்கி வந்தார்கள். அங்கிருந்து மயானத்துக்கு ஒற்றையடிப் பாதை, ஏற்றம், அரை மணி நேர நடை. அதைத் தோட்டத்து ஆட்கள்தான் தூக்க வேண்டும். நான் இருக்கும் தோட்டத்திலிருந்து ஒரு லொறி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள், அண்ணன்மேல் கல்லெறிந்தவர்களும். மாமா வரவில்லை. பெட்டியைத் தூக்குகிறவர்களுக்குப் பத்து இருபது அடிக்கு ஒருவர் வந்து தோள் மாற்றிக்கொடுப்பது வழக்கம். மற்ற மூன்று மூலைக்கும் ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். என் மூலைக்கு யாரும் வரவில்லை. மயானம் வரைக்கும் நானே தூக்கினேன்.